வாசகர் கேட்டவை: சிகரெட் அட்டைகளில் படைச்சின்னம், பதக்கம், ரெஜிமென்ட் கொடி

சிகரெட், தேயிலை, சாக்லேட் பாக்கெட்டுகளுக்குள் வைத்து வந்த சிறிய பட அட்டைகளைப் பற்றி இம்முறை நிறையக் கேள்விகள் வந்திருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை பிரிட்டிஷ் ராணுவத்தின் தொப்பிச் சின்னங்கள், பதக்கங்கள், ரெஜிமென்ட் கொடிகள் அச்சான தொகுதிகளைப் பற்றியவை. எனவே இந்தப் பக்கங்களை அவற்றுக்கே ஒதுக்கிவிட்டோம்.

கேள்வி: என்னிடம் 47 அட்டைகள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் ஒரு கொடியும் ஒரு சின்னமும். பின்பக்கம் ‘ஜான் பிளேயர் அண்ட் சன்ஸ்’ என்று உள்ளது. ஆண்டு எங்குமே இல்லை. எந்த ஆண்டு அட்டைகள் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: அந்தக் காலத்து அட்டைகளில் ஆண்டைத் தேடிப் பயனில்லை, பெரும்பாலும் அச்சிடவே மாட்டார்கள். பின்பக்கத்தில் மேலே இருக்கும் தொகுதியின் பெயரை முதலில் படியுங்கள். நாட்டிங்ஹாம் பிளேயர் நிறுவனம் கொடியையும் சின்னத்தையும் சேர்த்துக் காட்டிய தொகுதிகளில் அடிக்கடி கைக்கு வரும் மூன்றைச் சொல்கிறோம். ‘பேட்ஜஸ் அண்ட் ஃபிளாக்ஸ் ஆஃப் பிரிட்டிஷ் ரெஜிமென்ட்ஸ்’ 1904ஐ ஒட்டி வந்தது, 50 அட்டைகள். ‘டிரம் பேனர்ஸ் அண்ட் கேப் பேட்ஜஸ்’ 1924இல் வந்தது, 25 அட்டைகள். ‘ரெஜிமென்டல் ஸ்டாண்டர்ட்ஸ் அண்ட் கேப் பேட்ஜஸ்’ 1930இல் வந்தது, 50 அட்டைகள். உங்களிடம் 47 இருப்பதால், எல்லாம் ஒரே தொகுதி என்றால் 25 அட்டையே கொண்ட நடுத் தொகுதி கழிந்துவிடும்.

1904 தொகுதி என்றால் வேலை அதோடு முடியாது. அதில் பின்பக்கம் மூன்று வகை: பச்சை மையில் அச்சானது, பழுப்பு மையில் எண்ணோடு வந்தது, பழுப்பு மையில் எண் இல்லாமல் வந்தது. மூன்றையும் கலந்து 50 ஆக்கிவிட்டு முழுத் தொகுதி என்று வைத்திருப்பவர்கள் ஏராளம். படங்கள் முழுமையாக இருக்கலாம், ஆனால் கேட்டலாக் கணக்கில் அது தொகுதி ஆகாது. எல்லா அட்டைகளையும் குப்புறப் போட்டு, பகல் வெளிச்சத்தில் நிறவாரியாகப் பிரியுங்கள். மஞ்சள் பல்பு வெளிச்சத்தில் மங்கிய பச்சையும் பழுப்பும் ஒன்றுபோலத் தெரிந்து ஏமாற்றும்.

தொகுதிப் பெயர் தேய்ந்துபோன அட்டைகளுக்கு, படத்தில் இருக்கும் ராணுவமே காலத்தைச் சொல்லிவிடும். சில உறுதியான அடையாளங்கள்:

அயர்லாந்தின் தெற்குப் பகுதியைச் சேர்ந்த ஐந்து காலாட்படை ரெஜிமென்ட்டுகள் 1922இல் கலைக்கப்பட்டன. ராயல் ஐரிஷ், கானாட் ரேஞ்சர்ஸ், லென்ஸ்டர், மன்ஸ்டர் ஃபியூசிலியர்ஸ், டப்ளின் ஃபியூசிலியர்ஸ் ஆகியவை அவை. அவற்றின் கொடிகள் அந்த ஆண்டு ஜூன் 12 அன்று விண்ட்சர் கோட்டையில் மன்னரிடம் ஒப்படைக்கப்பட்டன. இவற்றில் ஒன்றை அன்றைக்கு இருக்கும் படையாகக் காட்டும் அட்டை 1922க்கு முந்தையது.

காலாட்படை இரண்டு கொடிகளை ஏந்தும்: மன்னர் கொடி, ரெஜிமென்ட் கொடி. மன்னர் கொடி எனப்படும் யூனியன் கொடியின் (பிரிட்டனின் தேசியக் கொடி) மேலேயே ‘ஈப்ர்’, ‘சோம்’, ‘கலிப்பொலி’ போன்ற போர்க்களப் பெயர்கள் எழுதியிருந்தால் அது 1922க்குப் பிந்தையது. முதல் உலகப்போரில் பெற்ற போர்ப் பெருமைகளில் அதிகபட்சம் பத்தைத் தேர்ந்து மன்னர் கொடியில் பொறிக்க அந்த ஆண்டுதான் உத்தரவு வந்தது. அதற்கு முன் போர்ப் பெயர்கள் ரெஜிமென்ட் கொடியில் மட்டுமே இருந்தன.

டாங்க் கோர், மெஷின் கன் கோர் ஆகியவற்றின் சின்னம் இருந்தால் போருக்கு முந்தைய தொகுதியாக இருக்கவே முடியாது. மெஷின் கன் கோர் 1915இல் பிறந்து 1922இல் மறைந்தது.

கேள்வி: சின்னத்தின் மேல் இருக்கும் கிரீடம் சில அட்டைகளில் குவிமாடம்போல் இருக்கிறது. சிலவற்றில் நடுவில் பள்ளமாக இருக்கிறது. இதற்கு ஏதாவது அர்த்தம் உண்டா?

பதில்: உண்டு, நிறையவே உண்டு. கிரீடத்தின் வளைவுகள் இரு பக்கமிருந்தும் பள்ளமில்லாமல் மேலெழுந்து உச்சியில் சேர்ந்தால் அது டியூடர் கிரீடம். 1901இல் ஏழாம் எட்வர்ட் பட்டத்துக்கு வந்த பின் ராணுவச் சின்னங்களில் நிலைத்தது இதுதான். வளைவுகள் நடுவில் இறங்கினால் அது ஒன்று விக்டோரியா காலத்துச் சின்னம், இல்லையென்றால் இரண்டாம் எலிசபெத் பட்டமேற்ற பின் வந்த செயின்ட் எட்வர்ட் கிரீடம். எலிசபெத் முடிசூடியது 1953இல். பிரிட்டிஷ் சிகரெட் அட்டைகளின் பெரிய காலம் 1940இல் காகிதத் தட்டுப்பாட்டால் முடிந்துவிட்டது. ஆக, இருபதாம் நூற்றாண்டுப் படையமைப்போடு பள்ளக் கிரீடமும் சேர்ந்து வந்தால், அது போருக்குப் பின் தேயிலை, இனிப்பு, தானிய உணவு நிறுவனங்கள் வெளியிட்ட அட்டையாகவோ அதற்கும் பிந்தைய வெளியீடாகவோ இருக்கும்.

கிரீடத்தை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுத வேண்டாம். ஓவியர்கள் பழைய மாதிரிகளைப் பார்த்து வரைந்ததும் உண்டு. மூன்றாம் சார்லஸ் டியூடர் கிரீடத்தையே மறுபடி தேர்ந்தெடுத்திருப்பதால், 2022க்குப் பின் வரும் படங்களிலும் குவிமாடம் வரும்.

கேள்வி: என் தொகுதியில் ரைஃபிள் பிரிகேடுக்கும் ராயல் ஆர்ட்டிலரிக்கும் உண்மையான கொடி காணோம். அச்சுப் பிழையா?

பதில்: பிழையே இல்லை. ரைஃபிள் ரெஜிமென்ட்டுகள் கொடி ஏந்துவதில்லை. மறைந்திருந்து சுடுவது அவர்கள் வேலை, கொடியைப் பிடித்துக்கொண்டு மறைந்திருக்க முடியாது. அவர்களுடைய போர்ப் பெருமைகள் முரசுகளிலும் தொப்பிச் சின்னத்திலும் இடம்பெறும். பீரங்கிப் படைக்கோ பீரங்கிதான் கொடி. கொடிக்குக் காட்டும் மரியாதையைப் பீரங்கிக்குக் காட்டுவார்கள்.

குதிரைப்படையிலும் இதைக் கவனிக்க வேண்டும். டிராகூன் கார்ட்ஸ் ஏந்துவது செவ்வக ஸ்டாண்டர்ட். டிராகூன்கள் ஏந்துவது நுனி பிளந்த கைடன். ஹுசார், லான்ஸர் ரெஜிமென்ட்டுகளுக்கு 1834இல் கைடன் நிறுத்தப்பட்டது. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பிறகுதான் திரும்பக் கிடைத்தது. இடைப்பட்ட காலத்தில் அவர்களுடைய பெருமைகள் எல்லாம் குதிரைமேல் வைக்கும் முரசுகளைப் போர்த்திய துணியில்தான் இருந்தன. பிளேயர் 1924இல் முரசுத் துணிகளுக்கென்றே 25 அட்டைத் தொகுதி போட்டதன் நியாயம் இங்கே இருக்கிறது. அந்தத் தொகுதியைச் சின்னது என்று ஒதுக்குபவர்கள் உண்டு. எங்கள் பார்வையில் கொடி அட்டைகளில் அதுவே மிக அழகானது.

இன்னொன்று. காலாட்படையின் ரெஜிமென்ட் கொடி, சீருடையின் கழுத்து, கைமடிப்பு நிறத்தில் இருக்கும். 1881 சீரமைப்பின்படி ‘ராயல்’ பட்டம் பெற்றவற்றுக்கு நீலம், மற்றவற்றில் ஆங்கிலேயருக்கு வெள்ளை, ஸ்காட்லாந்துக்கு மஞ்சள், அயர்லாந்துக்குப் பச்சை. மன்னரின் காவல் காலாட்படையான ஃபுட் கார்ட்ஸ் படைகளில் மட்டும் எல்லாம் தலைகீழ்: அவர்களுடைய மன்னர் கொடி கருஞ்சிவப்பு, ரெஜிமென்ட் கொடிதான் யூனியன் கொடி. அதைப் பார்த்து அட்டையில் பெயரை மாற்றிப் போட்டுவிட்டார்கள் என்று நினைக்க வேண்டாம்.

கேள்வி: விக்டோரியா கிராஸ் அட்டை ஒன்றில் ரிப்பன் நீலமாக உள்ளது. கருஞ்சிவப்பு அல்லவா இருக்க வேண்டும்? நிறம் மங்கிவிட்டதா, போலியா?

பதில்: படத்தில் இருப்பவர் கடற்படையைச் சேர்ந்தவரா என்று பாருங்கள். வீரத்துக்கான மிக உயர்ந்த பிரிட்டிஷ் விருதான விக்டோரியா கிராஸ் 1856இல் நிறுவப்பட்டபோது தரைப்படைக்குக் கருஞ்சிவப்பு ரிப்பன், கடற்படைக்கு நீல ரிப்பன் என்று பிரித்திருந்தார்கள். விமானப்படை உருவான 1918இல்தான் எல்லோருக்கும் கருஞ்சிவப்பு என்று ஒன்றாக்கினார்கள். பிளேயரின் 1914 ‘விக்டோரியா கிராஸ்’ தொகுதியிலும் (25 அட்டைகள்), கேலஹர் 1915–16இல் 25 வீதம் எட்டு வரிசைகளாக வெளியிட்ட 200 அட்டைகளிலும் உள்ள படங்களை இந்தக் கணக்கை மனத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். கடற்படை வீரருக்கு நீலம் இருந்தால் அட்டை தன் காலத்துக்கு நேர்மையாக இருக்கிறது என்று பொருள்.

தரைப்படை வீரருக்கு ரிப்பன் வெளிறித் தெரிந்தால் அது வெயில் வேலை. சிவப்பு மைதான் முதலில் வெளுக்கும், நீலமும் கறுப்பும் தாக்குப்பிடிக்கும். பதக்கத் தொகுதிகளில் இது பெரிய தலைவலி, ஏனென்றால் ரிப்பனின் கோடுகளே பதக்கத்தை அடையாளம் காட்டுபவை. உதாரணமாக டி.சி.எம். (டிஸ்டிங்குவிஷ்ட் காண்டக்ட் மெடல்) பதக்கம் என்றால் கருஞ்சிவப்பு ரிப்பனின் நடுவில் கருநீலக் கோடு. சிவப்பு வெளுத்துவிட்டால் வெள்ளைத் துணியில் நீலக் கோடு போட்ட வேறு ஏதோ பதக்கம்போல் ஆகிவிடும். வாங்கும்முன் அதே தொகுதியின் வேறொரு அட்டையைப் பக்கத்தில் வைத்துச் சிவப்பை ஒப்பிடுங்கள்.

கேள்வி: பதக்கங்கள் மட்டும் சேர்க்க ஆசை. எங்கிருந்து தொடங்கலாம்?

பதில்: வில்ஸ் 1906இல் வெளியிட்ட ‘மெடல்ஸ்’ (50), பிளேயர் 1927இல் வெளியிட்ட ‘வார் டெக்கரேஷன்ஸ் அண்ட் மெடல்ஸ்’ (90) இரண்டையும் சேர்த்து வாங்குங்கள். இரண்டுக்கும் நடுவில் ஓர் உலகப்போர் இருக்கிறது. 1914 டிசம்பரில் வந்த மிலிட்டரி கிராஸ், 1916இல் வந்த மிலிட்டரி மெடல் போன்றவை முதல் தொகுதியில் இருக்க வழியே இல்லை. பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் படித்தால் பதக்க முறையே எப்படி வளர்ந்தது என்று தெரியும். அமெரிக்கப் பக்கம் போக விரும்பினால் ஆலன் அண்ட் ஜின்டர் நிறுவனம் 1890ஐ ஒட்டி வெளியிட்ட உலக விருதுகள் தொகுதி 50 அட்டைகள் கொண்டது, அச்சு அருமை, கிடைப்பது கடினம். டாடி நிறுவனத்தின் பதக்க அட்டைகளை இப்போதைக்குத் தொட வேண்டாம். 1920இல் மூடிய அந்த நிறுவனத்தின் அட்டைகள் எல்லாமே விலை உயர்ந்தவை. கண் பழகும் முன் அங்கே போனால் மறுஅச்சை அசல் விலைக்கு வாங்கிவிடுவீர்கள்.

கேள்வி: வில்ஸ் அட்டைகள், இந்தியப் படைவீரர்களின் படங்கள். மற்ற வில்ஸ் அட்டைகளில் இருக்கும் ‘இம்பீரியல் டொபாக்கோ கம்பெனி’ வரி இதில் இல்லை. போலி என்று ஒருவர் சொல்கிறார்.

பதில்: அந்த வரி இல்லாததே இயல்பு. பிரிஸ்டல் வில்ஸ், நாட்டிங்ஹாம் பிளேயர் உள்ளிட்ட நிறுவனங்கள் சேர்ந்து 1901 இறுதியில் இம்பீரியல் டொபாக்கோ ஆயின. அதற்குப்பின் பிரிட்டனில் விற்ற பாக்கெட்டுகளின் அட்டைகளில் அந்த வரி வந்தது. 1902இல் பிரிட்டிஷ் அமெரிக்கன் டொபாக்கோ தொடங்கி, வெளிநாட்டு விற்பனை அதன் கைக்குப் போனது. வெளிநாட்டுக்குப் போன அட்டைகளில் அந்த வரி இருக்காது. எனவே வரி இல்லாத வில்ஸ் அட்டை இரண்டில் ஒன்று: 1902க்கு முந்தையது, அல்லது வெளிநாட்டு வெளியீடு.

உங்களுடையது இரண்டாவது வகையாக இருக்க வாய்ப்பு அதிகம். ‘சிசர்ஸ்’ பிராண்டின் பெயர் பின்பக்கம் இருக்கிறதா பாருங்கள். அந்த பிராண்டில் 1912இல் ‘இந்தியன் ரெஜிமென்ட்ஸ்’ என்று 50 அட்டைத் தொகுதி வந்தது. நல்ல நிலையில் கிடைப்பது அரிது. இந்தியப் படைகளின் சின்னங்களே வேண்டும் என்றால் பிளேயர் 1917இல் வெளியிட்ட ‘கொலோனியல் அண்ட் இந்தியன் ஆர்மி பேட்ஜஸ்’ இருக்கிறது. அதற்குப்பின் போர்க்காலக் காகிதக் கட்டுப்பாட்டால் பிரிட்டனில் அட்டைகளே நின்றுபோயின, 1922இல்தான் மீண்டும் தொடங்கின.

கேள்வி: அசலையும் மறுஅச்சையும் எப்படிப் பிரித்தறிவது?

பதில்: 1980களுக்குப் பிறகு பிரிட்டனில் பழைய தொகுதிகள் பல முறையாக மறுஅச்சு ஆகியிருக்கின்றன. நேர்மையான வெளியீட்டாளர் பின்பக்கத்தில் சிறு எழுத்தில் மறுஅச்சு என்று குறித்துவிடுவார். அவற்றை வாங்கிப் படித்து மகிழ்வதில் தவறே இல்லை. சிக்கல், அந்தக் குறிப்பைச் சுரண்டிவிட்டு விற்பவர்களால் வருகிறது.

10 மடங்கு லென்ஸ் ஒன்று வாங்குங்கள். படத்தை விட்டுவிட்டு முதலில் பின்பக்கத்து எழுத்தைப் பாருங்கள். அசலில் எழுத்துக்கு என்றே தனி மை, ஓரம் கூர்மையாக, உள்ளே நிறைந்து இருக்கும். அசலைப் படமெடுத்து மறுபடி அச்சிட்டதில் எழுத்தின் ஓரம் சிதறும், பழுப்பு எழுத்து என்றால் அதற்குள்ளேயே சிவப்பு, மஞ்சள், நீலப் புள்ளிகள் தெரியும். அடுத்து முன்பக்கம். 1900களின் லித்தோ அச்சில் நிறங்கள் ஒவ்வொன்றாக ஏற்றப்பட்டவை. கருஞ்சிவப்பு ரிப்பன் ஒரே சீரான நிறப் பரப்பாகவோ, கையால் வைத்ததுபோன்ற ஒழுங்கில்லாத புள்ளிகளாகவோ இருக்கும். இன்றைய நான்கு நிற அச்சில் எல்லாப் பரப்பிலும் ஒரே ஒழுங்கில் பூ வட்டமாகப் புள்ளிகள் இருக்கும். 1930களின் அசல் அட்டைகள் சிலவற்றிலும் ஒழுங்கான புள்ளி உண்டு. அதனால்தான் எழுத்தை முதலில் பார்க்கச் சொல்கிறோம்.

சின்ன அட்டைகளில் தங்க நிறம் நல்ல சாட்சி. அசலில் பெரும்பாலும் வெண்கலத் தூள் ஏற்றியிருப்பார்கள். விளக்கடியில் அட்டையைச் சாய்த்தால் சின்னத்தின் மேல் உலோக மினுமினுப்பு நகரும். புள்ளி அச்சில் தங்கம் என்பது மஞ்சளும் பழுப்பும் கலந்த வெறும் நிறம், எப்படிச் சாய்த்தாலும் மினுக்காது. பழைய வெண்கலத் தூள் கறுத்தோ பச்சை படர்ந்தோ இருப்பது இயல்பு. அதைத் துணியால் துடைத்தால் தூளே கையோடு வந்துவிடும், துடைக்கவே கூடாது.

புற ஊதா விளக்கு இருந்தால் இருட்டறையில் அட்டையின் ஓரத்தைக் காட்டுங்கள். இரண்டாம் உலகப்போருக்கு முந்தைய காகிதம் மந்தமாக இருக்கும். வெண்மையூட்டி சேர்த்த பிற்காலக் காகிதம் நீலவெண்மையாகப் பளீரிடும். சோப்புத் தண்ணீரில் கழுவிய அசலும் பளீரிடலாம் என்பதையும் மறக்க வேண்டாம். கடைசியாக, பின்பக்கத்தைத் தாழ்ந்த பக்கவாட்டு வெளிச்சத்தில் பார்த்தால் சுரண்டிய இடம் சொரசொரப்பாக நிழல் விழுந்து காட்டிக்கொடுக்கும்.

கேள்வி: ஆல்பத்தில் பசை போட்டு ஒட்டிய அட்டைகளைச் சேதமில்லாமல் பிரிப்பது எப்படி?

பதில்: முதலில் பிரிக்க வேண்டுமா என்று யோசியுங்கள். 1930களின் நடுவிலிருந்து பிளேயர் வெளியிட்ட பல தொகுதிகளில் பின்பக்கமே பசை தடவி வந்தது. 1937இன் ‘ஆர்.ஏ.எஃப். பேட்ஜஸ்’ (பிரிட்டிஷ் விமானப்படைச் சின்னங்கள்), 1938இன் ‘மிலிட்டரி யூனிஃபார்ம்ஸ் ஆஃப் தி பிரிட்டிஷ் எம்பயர் ஓவர்சீஸ்’, 1939இன் ‘யூனிஃபார்ம்ஸ் ஆஃப் தி டெரிட்டோரியல் ஆர்மி’ எல்லாம் அப்படி. கடையில் 1 பென்னிக்கு ஆல்பம் விற்றார்கள், ஒட்டுவதற்கென்றே வந்தவை அவை. அவற்றை நீரில் போட்டால் பசை போய்விடும், கிடைப்பது பசை இல்லாத குறைபட்ட அட்டை. நிறுவனத்தின் சொந்த ஆல்பத்தில் முழுத் தொகுதியும் ஒட்டி இருந்தால் அப்படியே விட்டுவிடுங்கள்.

வீட்டு நோட்டில் மாவுப் பசை, கோந்து போட்டு ஒட்டிய, பின்பக்கப் பசை இல்லாத பழைய அட்டைகள் என்றால் முயலலாம். மதிப்பில்லாத ஓர் அட்டையில் தொடங்குங்கள். ஈரப் பஞ்சை ஒவ்வொரு நிறத்தின் மேலும் அரை நிமிடம் வைத்துப் பாருங்கள். பஞ்சில் நிறம் ஏறினால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும். ஏறவில்லை என்றால் ஆல்பத் தாளை அட்டையைச் சுற்றி விரல் அகலம் விட்டு வெட்டி எடுங்கள். தட்டையான தட்டில் அறை வெப்பநிலை நீர் ஊற்றி, படம் மேலே இருக்கும்படி மிதக்க விடுங்கள். அரை மணி முதல் ஒரு மணி நேரத்தில் தாள் தானாக நழுவ வேண்டும். நழுவாவிட்டால் நீரை மாற்றி இன்னும் காத்திருங்கள். நகத்தாலோ கத்தியாலோ தூக்கினால் பின்பக்கத்து எழுத்து ஒரு படலமாக உரிந்து வந்துவிடும். மிக அதிகமாக நடக்கும் சேதம் இதுதான். எழுத்தில்லாத அட்டைக்குச் சேகரிப்பில் மதிப்பில்லை.

தாள் பிரிந்ததும் மென்மையான ஓவியத் தூரிகையால் பின்பக்கத்தில் மிச்சமிருக்கும் பசையைப் புது நீரில் தடவி நீக்குங்கள். வழவழப்பாக இருக்கும் வரை பசை இருக்கிறது என்று பொருள். பிறகு மையுறிஞ்சும் தாள் இரண்டுக்கு நடுவில் வைத்து, மேலே கண்ணாடித் துண்டும் கனமான புத்தகமும் வையுங்கள். ஒரு மணி நேரத்தில் உறிஞ்சு தாளை மாற்றுங்கள், பின் 2 நாள் தொடாதீர்கள். பளபளப்பு பூசிய அட்டை என்றால் படப் பக்கம் ஒட்டிக்கொள்ளும், அந்தப் பக்கத்துக்கு மட்டும் ஒட்டாத பேக்கிங் தாள் வையுங்கள். கறுப்பு அல்லது அடர்நிற ஆல்பத் தாளில் ஒட்டியதை நீரில் விடவே கூடாது. தாளின் சாயம் கரைந்து அட்டைக்குள் ஏறிவிட்டால் எதனாலும் போகாது. ரப்பர் பசைக்கும் செல்லோ டேப்புக்கும் நீர் வேலை செய்யாது.

கேள்வி: பின்பசை உள்ள அட்டைகள் கட்டாக இருந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. என்ன செய்வது?

பதில்: நீரில் போடாமல் ஈரக்காற்றில் வைக்க வேண்டும். மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவின் அடியில் ஈர ஸ்பாஞ்சு, அதன்மேல் நீர் தொடாத கம்பித் தட்டு, தட்டில் அட்டைக் கட்டு. மூடி வைத்து மணிக்கு ஒருமுறை பாருங்கள். பசை இளகியதும் மெல்லிய பாலியெஸ்டர் தாள் துண்டை ஓரத்தில் நுழைத்து மெதுவாக நகர்த்துங்கள். முட்டினால் திரும்ப உள்ளே வையுங்கள். ஒரு நாளுக்கு மேல் வைத்தால் பூஞ்சை பிடிக்கும். பிரிந்தவற்றை இருபுறமும் ஒட்டாத தாள் வைத்து உலர்த்துங்கள், உறிஞ்சு தாள் வைத்தால் பசை அதில் ஒட்டிவிடும்.

‘ஆர்.ஏ.எஃப். பேட்ஜஸ்’ பிரிக்கும்போது ஒரு விஷயம்: அந்தத் தொகுதி வாசகத்தோடு ஒன்று, வாசகம் இல்லாமல் ஒன்று என இரண்டு வகையாக வந்தது. பிரித்த கையோடு தனித்தனியாக வைத்துவிடுங்கள்.

கேள்வி: துணியில் அச்சான ரெஜிமென்ட் சின்னங்களும் கொடிகளும் கிடைத்தன. இவையும் சிகரெட்டோடு வந்தவையா? துவைக்கலாமா?

பதில்: ஆம், சேகரிப்பாளர்கள் இவற்றை ‘சில்க்’ என்பார்கள். முதல் உலகப்போர்க் காலத்தில் காட்ஃப்ரி பிலிப்ஸ் நிறுவனம் பி.டி.வி. சிகரெட்டோடு இவற்றை நிறைய வெளியிட்டது. ராணுவச் சின்னங்களும் ரெஜிமென்ட் கொடிகளும் அவற்றில் முக்கியமானவை. ஒரே படம் வெவ்வேறு அளவில், பிராண்டு பெயரோடும் இல்லாமலும் வரும். எனவே அளவை மில்லிமீட்டரில் குறித்துவைப்பது அவசியம்.

துவைக்கவே கூடாது. சிவப்புச் சாயம் பரவி வெள்ளைச் சிலுவையை இளஞ்சிவப்பாக்கிவிடும். இஸ்திரியும் வேண்டாம். சுருக்கம் இருந்தால் அமிலமற்ற தாள் இரண்டுக்கு நடுவில் வைத்து ஒரு வாரம் பாரம் ஏற்றினால் போதும். வாங்கும்போது துணியின் நான்கு ஓரங்களையும் வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பாருங்கள். வரிசையாக நுண்துளைகள் தெரிந்தால் அது ஒரு காலத்தில் தலையணை உறையிலோ போர்வையிலோ தைக்கப்பட்டிருந்தது. அன்றைக்குப் பெண்கள் இவற்றைச் சேர்த்துத் தைப்பது வழக்கம். துளை இருப்பதால் தள்ளிவிட வேண்டியதில்லை, விலையைக் குறைத்துக் கேளுங்கள். பின்னால் காகித அட்டை ஒட்டி இருந்தால் உரிக்காதீர்கள்.

கேள்வி: ஒவ்வொன்றாகச் சேர்த்துத் தொகுதியை நிறைவு செய்வதா, முழுத் தொகுதியாக வாங்குவதா?

பதில்: பணத்தைப் பார்த்தால் முழுத் தொகுதி. வியாபாரிகளின் கேட்டலாக்கில் ஓர் அட்டை விலையை 50ஆல் பெருக்கினால் தொகுதியின் விலையை எளிதில் தாண்டிவிடும். ஒவ்வொன்றாகத் தேடுவதில் இருக்கும் சுகத்துக்காகச் சேர்ப்பவர்கள் தாராளமாகச் சேர்க்கலாம். ஆனால் 1ஆம் எண்ணையும் கடைசி எண்ணையும் முதலிலேயே நல்ல நிலையில் வாங்கிவிடுங்கள். கட்டின் மேலும் கீழும் இருந்தவை அவைதான், அழுக்கும் தேய்மானமும் அவற்றுக்கே அதிகம். நல்ல நிலையில் கிடைப்பது குறைவு, விலையும் கூட.

வாங்கும்போது மூலைகளை முதலில் பாருங்கள். மழுங்கிய மூலையை மறைக்க ஓரத்தை வெட்டிவிடுவார்கள். பிரிட்டிஷ் சாதாரண அட்டை சுமார் 68க்கு 36 மில்லிமீட்டர். ஆனாலும் அசலிலேயே வெட்டுவாயில் சிறு வேறுபாடு இருப்பதால் அளவுகோலைவிட நல்ல வழி ஒன்று உண்டு. தொகுதி முழுவதையும் மேசையில் செங்குத்தாக நிறுத்தித் தட்டிச் சமப்படுத்துங்கள், நீளவாட்டில் ஒருமுறை, அகலவாட்டில் ஒருமுறை. வெட்டிய அட்டை வரிசையில் பள்ளமாகத் தெரியும். ஓரத்தின் நடுவில் சின்னப் பள்ளம் இருந்தால் அது ரப்பர் பேண்டின் தழும்பு. நான்கு மூலையிலும் சாய்வான மடிப்பு இருந்தால் கீறல் போட்ட ஆல்பத் தாளில் செருகி வைத்தது.

கேள்வி: எந்த உறையில் வைப்பது?

பதில்: பாலிப்ரொப்பிலீன் அல்லது பாலியெஸ்டர் உறை. பி.வி.சி. வேண்டவே வேண்டாம். அதை மென்மையாக்கச் சேர்த்த எண்ணெய் நாளடைவில் கசிந்து மையைத் தன்னோடு ஒட்டிக்கொள்ளும், எடுக்கும்போது சின்னத்தின் நிறம் உறையோடு வரும். புது உறையில் காரமான பிளாஸ்டிக் வாடை அடித்தால் அது பி.வி.சி. என்று சந்தேகப்படலாம். 10 அட்டை கொள்ளும் தாள் என்றால் 50 அட்டைத் தொகுதிக்கு 5 தாள், பிளேயரின் 90 பதக்கங்களுக்கு 9 தாள். இரு பக்கமும் படிக்க முடியும் என்பதால் நடுவில் அட்டை வைக்க வேண்டாம். ஈரப்பதம் 45 முதல் 55 சதவீதம் இருந்தால் நல்லது. பின்பசை உள்ளவற்றைக் கட்டாக அடுக்காமல் ஒவ்வொன்றையும் தனி உறையில் போடுங்கள். மாவுப் பசை மிச்சமிருக்கும் அட்டையைச் சில்வர்ஃபிஷ் பூச்சி தேடி வரும், அவற்றை மற்றவற்றோடு கலக்காமல் வைத்து மாதம் ஒருமுறை புரட்டிப் பாருங்கள்.

கேள்வி: பிளேயரின் ‘ஆர்மி கோர் அண்ட் டிவிஷனல் சைன்ஸ்’ அட்டைகளில் ரெஜிமென்ட் சின்னமே இல்லை. முக்கோணம், வண்ணத்துப்பூச்சி என்று ஏதேதோ இருக்கிறது. இவை ராணுவ அட்டைகளில் சேருமா?

பதில்: கட்டாயம் சேரும். 1914–18 போரில் வண்டிகளிலும் தோளிலும் டிவிஷன் எனும் பெரும் படைப்பிரிவின் பெயரை எழுதினால் எதிரி படித்துவிடுவான் என்பதால் போட்ட குறிகள் அவை. 29ஆவது டிவிஷனுக்குச் சிவப்பு முக்கோணம், 19ஆவதுக்கு வண்ணத்துப்பூச்சி, வேல்ஸைச் சேர்ந்த 38ஆவதுக்குச் சிவப்பு டிராகன், லங்காஷயரைச் சேர்ந்த 55ஆவதுக்குச் சிவப்பு ரோஜா. 1924–25இல் முதலில் 1 முதல் 50 வரை, பிறகு 51 முதல் 150 வரை வந்தன. இரண்டாம் பகுதியை விட்டுவிட்டு முதல் 50ஐ மட்டும் முழுத் தொகுதி என்று விற்பார்கள், எண்ணிப் பார்த்து வாங்குங்கள்.